பழ ஈயின் உடலிலே தூது செல்வது யார்?

பழுத்த கதலிக் குலையொன்றை அடுக்களை மூலையில் இரண்டு மூன்று நாள் மறந்துவிட்டோமாயின், அதனைச் சுற்றிச் சின்னஞ்சிறு ஈக்கள் கூட்டமாகப் பறக்கக் காண்கிறோம். செந்நிறக் கண்ணும் மங்கிய மஞ்சள் உடலும் கொண்ட இவற்றின் நீளம் ஏறக்குறைய 3 மில்லிமீற்றரே. மாங்காயைத் துளைத்து முட்டையிட்டுப் புழு வைக்கும் ஈ வேறு. அஃது இதனிலும் பெரியது, கமக்காரனுக்குப் பகை. இதுவோ கனிந்து புளிக்கத் தொடங்கிய பழத்தில் வளரும் மதுவத்தை நாடி வரும் ஓர் எளிய பிராணி.

நாம் கையை வீசி விரட்டும் இந்த ஈயை உலகத்துப் பேராசிரியர்கள் போத்தல்களில் உணவூட்டி வளர்க்கிறார்கள். நியூயோர்க் நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் தோமஸ் ஹன்ற் மோகன் என்பார் 1910 ஆம் ஆண்டில் வெண்ணிறக் கண்ணுடைய ஈயொன்றைக் கண்டது முதல், பாரம்பரியம் பற்றிய உண்மைகள் பலவற்றை இதுவே நமக்குப் போதித்து வந்துள்ளது. 1933, 1995, 2017 ஆகிய ஆண்டுகளில் வழங்கப்பட்ட நோபல் பரிசுகள் இந்த ஈயைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சிகளுக்குக் கிடைத்தவை.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விஷயம், வளரும் ஈயின் உடலிலே நடைபெறும் ஒரு தூது. தூது அனுப்புவோர் யார், பெறுவோர் யார் என்பன தெரிந்துவிட்டன. தூதாகச் செல்லும் பொருளும் கைக்கு அகப்பட்டுவிட்டது. ஆயினும், அது வழியை எவ்வாறு கடக்கிறது என்பதிலேதான் விஞ்ஞானிகள் இன்றும் வழக்காடிக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டைவிரல் அறிந்தது எவ்வாறு?

நம் கையை விரித்துப் பார்ப்போம். ஒரு புறத்திலே கட்டைவிரல். மறு புறத்திலே சுண்டுவிரல். இரண்டும் தோல், தசை, எலும்பு ஆகியவற்றால் ஆனவையே. இரண்டிலும் உள்ள கலங்கள் ஒரே முட்டையிலிருந்து பிரிந்து பெருகியவை. ஒரே பரம்பரையலகுகளைக் கொண்டவை. வீடு கட்டும் ஆயிரம் தொழிலாளர் கையிலும் ஒரே வரைபடத்தின் பிரதி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர்களுள் ஒருவன், தான் நிற்குமிடம் வாசற்படியா, கூரையா என்பதை அறியாவிடின் வரைபடத்தினால் அவனுக்குப் பயன் யாது? கலத்தின் நிலையும் அதுவே. 'நான் என்ன செய்ய வேண்டும்?' என்னும் வினாவுக்கு முன்னர், 'நான் எங்கே இருக்கிறேன்?' என்னும் வினாவுக்கு அதற்கு விடை கிடைக்க வேண்டும்.

கோயிலிலே திருவிழா நடக்கிறது. மேளமும் நாதசுரமும் முழங்குகின்றன. கண்ணை மூடிக்கொண்டு தெருவில் நிற்பவன்கூட, ஒலி காதை அடைத்தால் வீதியருகே நிற்கிறேன் என்றும், மெல்லியதாய்க் கேட்டால் தொலைவில் நிற்கிறேன் என்றும் அறிந்துகொள்வான். இவ்வாறே, இழையத்தின் ஓரிடத்திலுள்ள கலங்கள் ஒரு பொருளைச் சுரக்க, அஃது அப்பாற் செல்லச் செல்லக் குறைந்துகொண்டே போகுமாயின், ஒவ்வொரு கலமும் அதன் செறிவைக் கொண்டு தன் இருப்பிடத்தை மதிப்பிடலாம் அன்றோ?

இக்கருத்து வளர்ந்த வரலாறு சுவையானது. ஆங்கிலக் கணித மேதை அலன் ரியூறிங், இரசாயனப் பொருள்கள் பரவுவதாலேயே உயிரினங்களின் உருவம் தோன்றலாம் என்று 1952 இல் எழுதிய கட்டுரையில், அத்தகைய பொருளுக்கு 'மோர்போஜென்' என்று பெயரிட்டார். உருவத்தைப் பிறப்பிப்பது என்பது அதன் பொருள். தென்னாபிரிக்காவிற் பிறந்து, முதலிற் பொறியியல் கற்று, பின் உயிரியலுக்கு வந்த லூயிஸ் வொல்பேட் என்பார் 1969 இல் பிரான்ஸ் தேசத்துக் கொடியை உதாரணமாகக் காட்டினார். அப்பொருளின் செறிவு மிகுந்த இடத்திலுள்ள கலங்கள் நீலமாகின்றன. இடைத்தரமான இடத்தில் வெள்ளை. குறைந்த இடத்தில் சிவப்பு. ஒரே பொருள் மூன்று வகைக் கலங்களை ஆக்கிவிட்டது! அடுத்த ஆண்டில், 1970 இல், பிரான்சிஸ் கிறிக் கணக்கிட்டுப் பார்த்து, ஒரு மில்லிமீற்றருக்கு மேற்படாத தூரத்திலே இத்தகைய செறிவுச் சரிவு சில மணி நேரத்துள் சாதாரணப் பரவலாலேயே அமைந்துவிடக் கூடும் என்று காட்டினார்.

கணக்குச் சரி. ஆனால் அந்தப் பொருளை எவரும் கண்ணாற் கண்டாரில்லை.

ஹைடல்பேக்கில் ஒரு வேட்டை

யேர்மனியில் ஹைடல்பேக் நகரத்திலே கிறிஸ்ரியானே நுஸ்லைன்-வொல்ஹாட் என்னும் பெண்மணியும் எரிக் வீஷவுஸ் என்பாரும் ஒரு பெருவேலையைத் தொடங்கினர். ஈக்களுக்குச் சர்க்கரை நீரிலே விகாரம் உண்டாக்கும் இரசாயனத்தைக் கலந்து ஊட்டி, அவற்றின் சந்ததியில் உருக்குலைந்து இறந்த முளையங்களையெல்லாம் நுணுக்குக்காட்டியில் ஒவ்வொன்றாகப் பரிசோதித்தனர். இருவரும் எதிரெதிரே அமர்ந்து ஒரே முளையத்தை ஒருங்கே பார்த்தற்கு ஏற்ற நுணுக்குக்காட்டி அது. 1980 ஒக்ரோபரில் வெளியான அவர்களுடைய கட்டுரை, உடலின் துண்டங்களை அமைக்கும் 15 பரம்பரையலகுகளை விவரித்தது. எட்வேட் லூயிஸ் என்பாருடன் சேர்த்து இவ்விருவருக்கும் 1995 இல் நோபல் பரிசு கிடைத்தது.

பழுதடைந்த ஈ எவ்வாறு தோன்றுகிறதோ அதற்கேற்பப் பரம்பரையலகுக்குப் பெயரிடுவது ஈ ஆராய்ச்சியாளரின் வழக்கம். ஒன்று பழுதானபோது குடம்பியின் வயிற்றுப்புறம் முழுவதும் முட்கள் நிறைந்து, முள்ளெலிபோல் தோன்றிற்று. அதற்கு அப்பிராணியின் ஆங்கிலப் பெயரையே சூட்டி 'ஹெட்ஜ்ஹொக்' என்றனர். மற்றொன்று 'விங்லெஸ்', அதாவது சிறகிலி. இப்பெயர் ஹைடல்பேக்கிற்கு முந்தியது. 1973 இல் இந்தியாவிலே ஆர். பி. சர்மா என்னும் ஆராய்ச்சியாளர் சிறகற்ற ஈயின் விகாரத்தை விவரித்தபோது இட்ட பெயர் அது. 1987 இல் சுண்டெலியின் மார்புப் புற்றுநோயிலே கண்டறியப்பட்டிருந்த ஒரு பரம்பரையலகும் இதுவும் ஒன்றே எனத் தெரிந்தபோது உலகம் வியந்தது. மூன்றாவது, 'டெக்கப்பென்ராபிளிஜிக்' என்னும் நீண்ட பெயருடையது. விஞ்ஞானிகளே நா நோகும் எனக் கருதிச் சுருக்கி 'டிபிபி' என்கிறார்கள். நாமும் அவ்வாறே அழைப்போம்.

இம்மூன்றும் ஆக்கும் புரதங்கள் கலத்தைவிட்டு வெளியேறி மற்றைய கலங்களுக்குச் செய்தி சொல்பவை. இவையே நம் தூதுவர்.

செறிவுச் சரிவை முதன்முதலிற் கண்ணாரக் காட்டியது வேறொரு புரதம். தாய் ஈ முட்டையின் முன்முனையில் வைத்துவிடும் கட்டளையிலிருந்து 'பைக்கொயிட்' என்னும் புரதம் உண்டாகி, தலைப்பக்கத்தில் மிகுந்தும் வாற்பக்கம் செல்லச் செல்லக் குறைந்தும் இருப்பதை நுஸ்லைன்-வொல்ஹாட்டும் வொல்ப்காங் டிறீவரும் 1988 இல் நிறுவினர். தாயிடத்தில் இது பழுதானால், பிள்ளைக்குத் தலையும் நெஞ்சும் தோன்றா. ஆயினும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அரை மில்லிமீற்றர் நீளமான அந்த முட்டையிலே முதல் இரண்டு மணி நேரத்துக்கு மேலாகக் கலங்களுக்கிடையே சுவர் கிடையாது. ஆயிரக்கணக்கான கருக்கள் ஒரே மண்டபத்திற் கூடியிருக்கின்றன. அங்கே தூதுவனுக்குக் கதவு தட்டும் வேலை இல்லை. சுவர்கள் எழுந்த பின்னர் என்ன நடக்கிறது என்பதே நம் கேள்வி.

குடம்பியினுள்ளே ஒரு சிறகு

ஈயின் சிறகு திடீரென முளைப்பதன்று. பழத்தினுள் நெளியும் குடம்பியின் உடலிலேயே, சில பத்துக் கலங்கள் கொண்ட ஒரு சிறு பை உளது. நான்கு நாட்களுள் அது 30,000 க்கும் மேற்பட்ட கலங்களாகப் பெருகித் தட்டுப்போல் விரிகிறது. கூட்டுப்புழுப் பருவத்திலே இத்தட்டு வெளியே புரண்டு, நீண்டு, சிறகாகிறது. நடுவிலிருந்து விளிம்பு வரையும் தூரம் சிறிது. கலங்கள் நெருக்கமாக, ஒரே படையாக நிற்கின்றன. தூதை ஆராய இதனிலும் வாய்ப்பான களம் வேறில்லை.

இத்தட்டின் பின்பாதிக் கலங்கள் ஹெட்ஜ்ஹொக் புரதத்தைச் சுரக்கின்றன. அஃது எல்லையைத் தாண்டி முன்பாதியிலே சில கல வரிசைகள் மட்டுமே செல்கிறது. அச்செய்தியைப் பெற்ற கலங்கள், எல்லையோரமாக ஒரு நாடாப்போல் நின்று, டிபிபியைச் சுரக்கின்றன. டிபிபியோ இருபுறமும் நெடுந்தூரம் பரவுகிறது. மிகுந்த செறிவில் ஒரு பரம்பரையலகையும், குறைந்த செறிவிலேயே வேறொன்றையும் அது விழிக்கச் செய்கிறது. வொல்பேட்டின் கொடி சிறகிலே பறக்கிறது எனலாம். 1994 இல் கொன்ராட் பாஸ்லரும் கரி ஸ்ரறூலும், ஹெட்ஜ்ஹொக் இருக்கக்கூடாத முன்பாதியிலே அதனைச் சுரக்கச் செய்தபோது, அவ்விடத்திலே சிறகின் பகுதிகள் இரட்டித்துத் தோன்றின! தூதுவனை இடமாற்றினால் ஊரே இடம் மாறுகிறது.

2000 ஆம் ஆண்டில் இரு குழுவினர், இழுதுமீனிலிருந்து பெற்ற பச்சை ஒளி வீசும் புரதத்தை டிபிபியோடு இணைத்துவிட்டனர். நடுவிலே பிரகாசமாயும் விளிம்பை நோக்கி மங்கியும் செல்லும் பச்சை ஒளியாக, தூதுவனின் நடமாட்டம் உயிருள்ள இழையத்திலேயே தென்பட்டது. கண்டாயிற்று, வழக்கும் அங்கேதான் ஆரம்பமாயிற்று.

மூன்று வழிகள்

தூதுவன் செல்வதற்கு மூன்று வழிகள் கூறப்படுகின்றன.

முதலாவது, பரவல். மல்லிகை மணம் முற்றத்திலிருந்து திண்ணைக்கு வருவதுபோல, புரத மூலக்கூறுகள் கலங்களின் இடைவெளியிலே தாமாகத் தடுமாறித் திரிந்து பரவுகின்றன என்பது. இரண்டாவது, கைமாற்று. அன்னதானப் பந்தலிலே வரிசையாக நிற்போர் சோற்றுக் கடகத்தைக் கையோடு கை மாற்றுவதுபோல, ஒரு கலம் புரதத்தை உள்ளே வாங்கி, மறுபுறத்தால் அடுத்த கலத்துக்குக் கொடுக்கிறது என்பது. மூன்றாவது, நீட்டிய கை. கலமே மெல்லிய நூல்போன்ற கையை நெடுந்தூரம் நீட்டி, சுரக்கும் கலத்தைத் தொட்டு, செய்தியை நேரிலே பெறுகிறது என்பது.

முதல் வழியே எளிது. ஆனால் தடைகள் பல. ஹெட்ஜ்ஹொக் புரதத்திலே கொலஸ்திரோல் ஒட்டியிருக்கிறது என்பது 1996 இல் தெரிந்தது. விங்லெஸ் புரதத்திலும் கொழுப்பமிலம் ஒட்டியிருக்கிறது. எண்ணெய் நீரிற் கரையாது என்பது அடுக்களை அறிந்த விஷயம். கொழுப்பு ஒட்டிய புரதம் கலத்தின் மென்சவ்விலே ஒட்டிக்கொள்ளுமேயன்றி நீர் நிறைந்த இடைவெளியில் எளிதில் நீந்தாது. ஆகவே, அதனைச் சுமக்கக் கொழுப்புத் துணிக்கைகளும், கலத்தின் மேற்பரப்பில் உள்ள வெல்லச் சங்கிலிகளும் துணைபுரிகின்றன என்று ஆராய்ச்சியாளர் கண்டனர்.

வேகத்தை அளந்தவர்களும் ஒத்துப்போகவில்லை. 2007 இல் ஒரு குழுவினர், பச்சை ஒளியை ஓரிடத்தில் அழித்துவிட்டு, மீண்டும் அங்கே ஒளி நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தனர். டிபிபி மிக மெதுவாகச் செல்கிறது என்பது அவர்கள் கணிப்பு. 2012 இல் மற்றொரு குழுவினர், ஒரு சிறு புள்ளியைக் கடந்து ஓடும் தனி மூலக்கூறுகளை அவதானித்து, அவை அதனிலும் ஏறத்தாழ 200 மடங்கு எளிதாகப் பரவுகின்றன என்றனர். 50 மைக்குறோன் தூரத்தை, அதாவது ஒரு மில்லிமீற்றரின் இருபதில் ஒரு பங்கை, முதற்கணக்கின்படி கடப்பதற்குச் சில மணி நேரம் வேண்டும். இரண்டாம் கணக்கின்படி ஏறக்குறைய ஒரு நிமிடம் போதும். இருவரும் நேர்மையாக அளந்தவர்களே. சந்தைக்குப் போகிறவன் ஓடும் வேகம் ஒன்று. வழியில் நின்று பேசும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் வருவது மற்றொன்று. தனி மூலக்கூறு விரைவாக ஓடுகிறது. ஆனால் வழியெங்கும் கலங்களின் வாங்கிகள் அதனைப் பிடித்து வைக்கின்றன. எதனை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

இஃது இவ்வாறிருக்க, 1999 இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரிலே தோமஸ் கோண்பேக்கும் அவருடைய சக ஆராய்ச்சியாளரும் சிறகுத் தட்டின் ஓரக் கலங்களிலிருந்து நடுப்பகுதியை நோக்கி நீளும் மெல்லிய நூல்களைக் கண்டு, 'சைற்றோனீம்' என்று பெயரிட்டனர். முன்னையோர் இவற்றைக் காணாமைக்குக் காரணம் உண்டு. இழையத்தை இரசாயனத்திலிட்டுப் பதப்படுத்தும் வழக்கமான முறையிலே இந்நூல்கள் அழிந்துவிடும். உயிரோடு பார்த்தோர்க்கே அவை தென்பட்டன. 2014 இல் அதே ஆய்வுகூடத்தினர், சிறகுத் தட்டின் அருகிலுள்ள மூச்சுக்குழாய்க் கலங்கள் இத்தகைய கைகளை நீட்டித் தட்டின் கலங்களைத் தொட்டு டிபிபியைப் பெறுவதைக் காட்டினர். கைகள் பழுதானபோது, தட்டிலே டிபிபி சுரந்துகொண்டிருந்தும் செய்தி போய்ச் சேரவில்லை.

கட்டிப்போட்ட தூதுவன்

2014 ஆம் ஆண்டு மற்றோர் அதிர்ச்சியையும் தந்தது. விங்லெஸ் புரதம் பரவியே சிறகை அமைக்கிறது என்பது பாடநூல்களிலெல்லாம் இடம்பெற்ற செய்தி. இலண்டனிலே ஷான்-போல் வின்சென்ற் என்பாரின் குழுவினர் அதனை நேரிலே சோதிக்கத் துணிந்தனர். ஈயின் இயல்பான விங்லெஸ் பரம்பரையலகை நீக்கிவிட்டு, கலத்தின் மென்சவ்விலேயே கட்டுண்டு கிடக்கும் விங்லெஸ் புரதத்தை ஆக்கும் பரம்பரையலகை அதனிடத்தில் வைத்தனர். தூதுவன் வாசலிலே சங்கிலியாற் பிணைக்கப்பட்டான். பக்கத்து வீட்டுக்காரனோடு மட்டும் பேசலாம்.

அந்த ஈக்கள் முளையத்திலேயே மடிந்துவிடும் என்றே பலரும் எதிர்பார்த்திருப்பர். அவை மடியவில்லை. வளர்ச்சி சற்றுத் தாமதித்தது. சிறகு சற்றுச் சிறுத்தது. மற்றப்படி ஈ ஈயாகவே பறந்தது! தொடக்கத்திலே சிறகின் கலங்கள் யாவுமே விங்லெஸ் புரதத்தை ஆக்குகின்றன என்றும், அப்போது பெற்ற செய்தியின் நினைவு பின்னரும் நிலைத்திருக்கிறது என்றும் அவர்கள் விளக்கம் கூறினர்.

அப்படியாயின் பரவலே பொய்யா? அவ்வாறும் முடிவுகட்ட இயலவில்லை. 2015 இல் சுவிற்சர்லாந்தின் பாசல் நகரத்து ஆராய்ச்சியாளர், ஒட்டகக் குடும்பத்து விலங்குகளின் பிறபொருளெதிரியிலிருந்து செய்த ஒரு பொறியைக் கலங்களின் மேற்பரப்பிற் பொருத்தி, டிபிபி பரவாதபடி பிடித்துவைத்தனர். சிறகின் நடுப்பகுதியின் ஒழுங்கமைப்புக் குலைந்தது. அங்கே வளர்ச்சியும் குன்றியது. ஓரப்பகுதிகளோ வழக்கம்போல் வளர்ந்தன. 2018 இல் வெளியான வேறோர் ஆராய்ச்சி, ஈயின் கழிவகற்றும் சிறு குழாய்கள் ஒழுங்காக அமைவதற்கு விங்லெஸ் பரவியே ஆகவேண்டும் என்று காட்டிற்று. ஆகவே, எல்லா இழையத்துக்கும் ஒரே விடை இல்லை. நமது ஊரிலும் சில செய்திகள் பறையறைந்து பரவுகின்றன. சில செய்திகள் வேலிக்கு மேலாற் கைமாறுகின்றன.

ஒற்றைக்கண் ஆட்டுக்குட்டி

'ஈயின் சிறகு எவ்வாறு வளர்ந்தால் நமக்கென்ன?' என்று கேட்போரும் இருப்பர். அவர்கட்கு ஓர் உண்மைக் கதை கூறுவோம்.

1950 களில் அமெரிக்காவின் ஐடாகோ மாநிலத்து இடையர்கள், நெற்றி நடுவே ஒரேயொரு கண்ணோடு பிறந்த ஆட்டுக்குட்டிகளைக் கண்டு திகைத்தனர். சினையாடுகள் மலைச்சாரலில் வளரும் ஒரு காட்டுச் செடியை, சினைப்பட்ட 14 ஆம் நாளளவில் மேய்ந்ததே காரணம் என்று ஆராய்ந்து கண்டனர். அச்செடியின் நஞ்சுக்கு, ஒற்றைக்கண் அரக்கரைக் கூறும் கிரேக்கக் கதையையொட்டி 'சைக்கிளோபமைன்' என்று பெயராயிற்று. அது செய்வது யாது என்பது 1990 களிலேதான் விளங்கிற்று: ஹெட்ஜ்ஹொக் தூதைக் கலம் கேளாதபடி அது தடுத்துவிடுகிறது. ஈயின் சிறகை அமைக்கும் அதே வகைப் புரதமே முலையூட்டிகளின் முகத்தை இடம் வலமாகப் பிரிக்கிறது. நம் கையிலே கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் வேறுபடுத்துவதும் அதுவே. கருவிலே அத்தூது தவறினால், மனிதக் குழந்தையின் மூளையும் முகமும் சரிவரப் பிரியாத நோய் உண்டாகிறது.

வளர்ந்த உடலிலோ இதற்கு நேர்மாறான தீங்கு. யாரும் அனுப்பாத தூதைக் கேட்பதாகக் கலம் மயங்கினால், ஓயாது பெருகுகிறது. தோலில் வரும் ஒருவகைப் புற்றுநோய் இவ்வாறு தோன்றுவது. அதனை அடக்க, ஹெட்ஜ்ஹொக் தூதைத் தடுக்கும் மருந்தொன்று 2012 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. கருவுற்ற பெண்கள் அதனை உட்கொள்ளலாகாது என்று கடுமையாக எச்சரிக்கப்படுகிறது. ஆட்டுக்குட்டியின் கதையை நினைத்தால் காரணம் சொல்லாமலே விளங்கும். சிறுவர்களின் எலும்புகளிலே பல இடங்களிற் கட்டிகள் வளரும் ஒரு பரம்பரை நோயும் உண்டு. அந்நோய்க்குரிய பரம்பரையலகே ஈயிலும் இருப்பதும், அது பழுதானால் ஹெட்ஜ்ஹொக் ஒரு கலத்தைத் தாண்டி அடுத்ததற்குச் செல்ல இயலாமற் போவதும் 1998 இல் தெரியவந்தன. முன்னர் நாம் கூறிய வெல்லச் சங்கிலிகளைப் பின்னுவது அந்தப் பரம்பரையலகே.

மாணவர்க்கு ஒரு வார்த்தை

உயிரியல் கற்கும் மாணவர்கள் இக்கதையிலிருந்து ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம். பச்சை ஒளி நடுவிலே மிகுந்து ஓரத்திலே குறைந்திருப்பதைக் கண்டவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால், ஒரு பொருள் பரவுகிறது என்பது ஒன்று. அது பரவுவதாலேயே காரியம் நடக்கிறது என்பது வேறொன்று. இரண்டையும் பிரித்தறிவதற்குத் தூதுவனைக் கட்டிப்போட்டுப் பார்க்க ஒருவர் துணிய வேண்டியிருந்தது. அதற்குப் பல்லாண்டுகள் சென்றன.

வீட்டிலேயே ஈயின் வாழ்வைக் காண விரும்புவோர், வாயகன்ற போத்தலொன்றில் கனிந்த வாழைப்பழத் துண்டையிட்டு, சில ஈக்கள் புகுந்தபின் வாயை மெல்லிய துணியாற் கட்டி, நிழலில் வைத்தாற் போதும். சில நாட்களிற் குடம்பிகள் நெளியும். பின் போத்தலின் சுவரிலே கபில நிறக் கூட்டுப்புழுக்கள் ஒட்டியிருக்கும். 25 பாகை செல்சியசிலே முட்டை ஈயாவதற்கு ஏறக்குறைய 10 நாட்கள் ஆகும். சிறகோடு வெளிவரும் முதலாவது ஈயை ஒரு கைவில்லையினூடே பாருங்கள். இரண்டு சிறகிலும் ஒரே நரம்பு, ஒரே வளைவு, ஒரே விளிம்பு. அந்த ஒழுங்கை அமைத்த தூதுவர் வந்த வழியை முற்றாகக் கூறவல்ல விஞ்ஞானி இன்னும் பிறக்கவில்லை. ஒருவேளை, இன்று அந்தப் போத்தலைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமியோ சிறுவனோ அவராகலாம்.